விடியற்காலை நாலு மணிக்குத் தைராய்டு மாத்திரை போட்டா கார்டிசால் ஏறுமா?

மைதிலி, திருப்பூர்

வணக்கமுங்க. எனக்கு 36 வயசு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ரெண்டாவது பையன் பொறந்ததுக்கு அப்புறம் தைராய்டுன்னு சொல்லி 50-ல ஆரம்பிச்சாங்க, இப்ப 75 மைக்ரோகிராம். காலையில வெறும் வயித்துல தவறாம போட்டுக்கறேன். போன மாசம் டிஎஸ்எச் (தைராய்டை முடுக்கற ஹார்மோன்) 3.1. டாக்டர் பாத்துட்டு எல்லாம் நார்மல்தான்னு அனுப்பீட்டார்.

எனக்கு நார்மலா இல்லீங்க. காலையில கண்ணு முழிக்குது, உடம்பு எந்திரிக்க மாட்டேங்குது. பையனுக்கு டிபன் கட்டறதுக்குள்ள ரெண்டு தடவை உக்காந்துக்கறேன். வாய் கசப்பு, குமட்டல், மூட்டெல்லாம் வலி. குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டுது. மத்தியானம் தாண்டினாத்தான் ஒரு ஆளாகறேன். இந்தச் சித்திரையில இருந்து இப்படித்தான் போய்ட்டிருக்குது.

ஆஃபர்ல வந்த முழு உடம்பு டெஸ்ட் எடுத்ததுல காலையில கார்டிசால்ங்கற ஹார்மோன் 4.8-ன்னு வந்துச்சுங்க. பக்கத்துல 6.2 முதல் 19.4-ன்னு போட்டிருந்துச்சு. லண்டன்ல இருக்கற என்ற சித்தி பொண்ணுகிட்ட சொன்னேன். அவ சொல்றா, தைராய்டு மாத்திரையை எந்திரிக்கறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி, அதாவது நடுராத்திரி தாண்டி ரெண்டு மூணு மணிக்கோ நாலு மணிக்கோ போட்டா, சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி அந்த நேரத்துல அதை எடுத்துக்கிட்டு கார்டிசாலை நல்லா சுரக்குமாம். டி3-ன்னு இன்னொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை, அடுத்த மாசம் கல்யாணத்துக்கு வர்றவங்ககிட்ட குடுத்து விடறேங்கறா.

அது வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கற 75-ஐயே நாலு மணிக்கு அலாரம் வெச்சுப் போடட்டுங்களா? பத்தலேன்னா 100 ஆக்கிக்கலாமா? யாராச்சும் செஞ்சு பாத்திருந்தீங்கன்னா சொல்லுங்க. காலையில பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பற அளவுக்காவது தெம்பு வந்தாப் போதும்.


சுகந்தி, லண்டன்

தங்கச்சி, உந்த முறை இங்க தைராய்ட் வருத்தம் உள்ள ஆக்களுக்கு நடுவில நல்லாப் பரவின ஒண்டு. அதைப் பரப்பினவர் போல் ராபின்சன் எண்ட ஆங்கிலேயர். அவர் டொக்டர் இல்லை, தானும் ஒரு தைராய்ட் நோயாளி. அவர் சொல்லுறது, கோர்ட்டிசோல் பெரும்பங்கு நாங்கள் நித்திரையில இருக்கேக்க, விடியிறதுக்கு முதல் உள்ள கடைசி மணித்தியாலங்களிலதான் சுரக்குது, அந்த நேரத்தில அட்ரினலுக்கு டி3 போதாட்டி அது வேலை செய்யாது எண்டு. அதால டி3 குளிசையின்ர முதல் பங்கை எழும்புறதுக்கு ஒண்டரை மணித்தியாலம் முன்னம் எண்டு தொடங்கி, மெல்ல மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோய், ஆகக் கூடினது நாலு மணித்தியாலம் முன்னம் வரைக்கும் எடுக்கச் சொல்லுறார். நாடி, உடம்புச் சூடு, பிரஷர் எல்லாம் எழுதி வைக்கவும் வேணும். இதைச் சரிபார்த்த முறையான மருத்துவப் பரிசோதனை இல்லை, நோயாளியள் தங்களுக்குள்ள சொல்லிச் சொல்லி வந்தது.

உங்கட சித்தி மகள் ரெண்டு விசயத்தைச் சொல்லாமல் விட்டிட்டா. முதலாவது, இது டி3க்கான முறை. நீங்கள் எடுக்கிறது டி4, அதாவது தைராக்சின். டி3 விழுங்கினால் ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில ரத்தத்தில உச்சத்துக்குப் போகும், ஒரு நாளுக்குள்ள பாதியாகும். டி4 பாதியாகிறதுக்கே ஒரு கிழமை வேணும். அதை நாலு மணிக்கு எடுத்தாலும் ஏழு மணிக்கு எடுத்தாலும் ரத்தத்தில பெரிய வித்தியாசம் வராது. ரெண்டாவது, அட்ரினலே பழுதாகிற அடிசன் நோய் உள்ளவைக்கும், மூளைக்குக் கீழ உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி பழுதானவைக்கும் இது சரிவராது எண்டு ராபின்சனே சொல்லியிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரி எண்டோகிரைன் (ஹோர்மோன்) டொக்டரின்ர கண்காணிப்பில டி4 ஓட கொஞ்சம் டி3யும் எடுக்கிறன். டி3 தர முதலே சினக்தென் ஊசி போட்டு அட்ரினல் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாத்திட்டுத்தான் தந்தவை. அலாரம் வைச்சு விடியச்சாமத்தில எடுத்தும் பாத்தனான். காலமையில கைவிரல் விறைப்புக் குறைஞ்சது உண்மை, அதை மறைக்கேல்ல. ஆனா நித்திரை முறிஞ்சு நெஞ்சு படபடக்கத் தொடங்கினதால விட்டிட்டு, இப்ப ஒரு பங்கைப் படுக்கேக்க எடுக்கிறன். ஐரோப்பியத் தைராய்ட் சங்கத்தின்ர 2012 வழிகாட்டலும் டி3ஐ ரெண்டாப் பிரிச்சுப் பெரிய பங்கை இரவு படுக்கப் போகேக்க எடுக்கலாம் எண்டுதான் சொல்லுது. அது கோர்ட்டிசோலை ஏத்துறதுக்காக இல்லை. சுகமான உடம்பில டிஎஸ்எச் இரவில கூட, அதுக்குப் பின்னால டி3யும் கூடும். அந்த ஒழுங்கைப் பின்பற்றத்தான். எனக்குக் கோர்ட்டிசோல் முதலே சரியா இருந்தபடியால், என்ர அனுபவத்தை உங்கட பிரச்சினைக்கு மருந்தா எடுக்காதேங்கோ.

இங்க டி3 ஒரு பெட்டி 2009இல 20 பவுண், 2017இல 248 பவுண். அந்த விலையேற்றத்துக்காகக் கம்பெனிக்கு 2021இல 100 மில்லியன் பவுணுக்கு மேல தண்டம் விழுந்தது. அந்தக் காலத்தில கன பேர் இணையத்தில எங்கையோ வாங்கி எடுக்கப் பழகிட்டினம். ஆரும் குடுத்துவிடுற குளிசை எங்க இருந்து வந்தது எண்டு கேளுங்கோ.


வசந்தா, தேனி

மைதிலி, முதல்ல இதைக் கேட்டுக்க தாயி. 100-க்கு ஏத்தாத. அந்த டி3 வந்தாலும் அட்டையப் பிரிக்காத. இருக்கிற 75-ஐ நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கார்டிசால் ஏன் குறைஞ்சிருக்குன்னு தெரியாம தைராய்டு மாத்திரையக் கூட்டுறது உயிருக்கு ஆபத்து. பயமுறுத்தறதுக்குச் சொல்லல, நான் அனுபவிச்சவ.

நான் அங்கன்வாடியில வேலை பாக்குறேன். என் மகன் பொறந்தப்ப ரத்தம் நிக்காமப் போச்சு. பாட்டில் பாட்டிலா ஏத்திப் பொழைக்க வச்சாங்க. பிள்ளைக்குப் பால் ஒரு சொட்டு வரல. மாமியா பூண்டும் பால்சுறாக் கருவாடும் ஆக்கிப் போட்டுப் பாத்தாக, வரல. அதோட மாசாமாசம் வர்றதும் நின்னு போச்சு. உடம்பு பலவீனம், தானா வரும்னாங்க. வருசங்கள் போச்சு. கக்கத்துல முடி இல்ல, முகம் வெளுத்துப் போச்சு, பங்குனி வெயில்லயும் போர்வை வேணும். ரத்தசோகைன்னு இரும்புச்சத்து மாத்திரை தின்னுக்கிட்டே இருந்தேன்.

கடைசியில ஒரு டாக்டர் ரத்தத்துல டி4 குறைஞ்சு கெடக்குன்னு கண்டுபிடிச்சு, எடுத்த எடுப்புலயே 100 எழுதிக் குடுத்தாரு. டி4 கீழ கெடக்கு, டிஎஸ்எச் மட்டும் நார்மல்னு வந்திருந்துச்சு. தைராய்டு சுரப்பி கெட்டிருந்தா டிஎஸ்எச் ஏறியிருக்கணும்ல. ஏறலேன்னா கோளாறு தலைக்குள்ள, பிட்யூட்டரியிலன்னு அர்த்தம். அதை அன்னைக்கு யாரும் கவனிக்கல, கார்டிசாலும் பாக்கல. மாத்திரை தொடங்கின புதுசுல நல்லா சுறுசுறுப்பா இருந்துச்சு. அப்புறம் வாந்தி. தண்ணி குடிச்சாலும் வாந்தி. எங்க வீட்டுக்காரரையே யாருன்னு கேட்டேனாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப பிரஷர் எழுபதுக்குக் கீழ, சோடியம் 118. கார்டிசால் 1.1. ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் நரம்புல ஏத்தினாங்க. மறுநா விடிஞ்சப்ப நானா எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டேன்னு எங்கம்மா இன்னமும் சொல்லிச் சொல்லி அழுவா.

ஸ்கேன்ல பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக் கெடந்துச்சு. பிரசவத்துல ரத்தம் அளவுக்கு மீறிப் போனா அந்தச் சுரப்பி செத்துப் போகுமாம். 1937-ல கிளாஸ்கோவுல ஷீஹான்னு ஒரு டாக்டர் எழுதி வச்சிருக்காரு, அவர் பேருலயே ஷீஹான் சிண்ட்ரோம்ங்கிறாங்க. அதனாலதான் எங்க சுத்துவட்டாரத்துல எந்தப் பிள்ளை பெத்தாலும் நான் எடை போடுறதுக்கு முன்னாடி தாய்கிட்ட கேக்குறது, ரத்தம் ரொம்பப் போச்சா, பால் வந்துச்சா.

ஏன் இப்படி ஆகுதுன்னு என் டாக்டர் சொன்னதைச் சொல்றேன். தைராய்டு ஹார்மோன் குறைவா இருக்கையில உடம்பு கார்டிசாலை மெதுவாத்தான் கரைக்கும். அதை வச்சு ஏதோ வண்டி ஓடும். தைராய்டு மாத்திரை உள்ள போனதும் கார்டிசால் வேகமாக் கரையும். நல்ல உடம்புன்னா பிட்யூட்டரி உடனே ஏசிடிஎச்ங்கிற ஹார்மோனைக் கூட்டி அட்ரினலை முடுக்கி ஈடுகட்டிரும். எங்களை மாதிரி ஆளுகளுக்கு ஈடுகட்ட வழி கெடையாது. எண்ணெய் இல்லாத விளக்குல திரியத் தூண்டின கதைதான். தைராக்சின் மருந்துக் குறிப்புலயே, சரிசெய்யாத அட்ரினல் குறைபாடு இருந்தா இதைக் குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஸ்டீராய்டு முதல்ல, தைராய்டு பின்னால. அந்த வரிசைய மாத்தவே கூடாது.

காலைக் கார்டிசால் 3-க்குக் கீழ இருந்தா அனேகமா உறுதியான குறைபாடு. 15, 18-க்கு மேல இருந்தா பெரும்பாலும் பயமில்ல. நீ நடுவுல நிக்கிற. நடுவுல நின்னா ஏசிடிஎச் ஊசி போட்டு அட்ரினல் எழும்புதான்னு பாக்கணும். எண்டோகிரைன் டாக்டர்தான் பாப்பாங்க.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பிரசவத்துல ரத்தம் போச்சா? பால் குடுத்தியா? மாசாமாசம் சரியா வருதா? உள்ளங்கை ரேகை, பல் ஈறு எல்லாம் கறுத்திருக்கா? அப்படிக் கறுத்தா அட்ரினலே கெட்டுப்போற அடிசன் நோயான்னு பாக்கணும், தைராய்டு இருக்கவங்களுக்கு அது கூடவே வர்றது உண்டு. முக்கியமா இது: மாத்திரையோ ஊசியோ, இழுப்புக்கு உறிஞ்சுற மருந்தோ, களிம்போ, மூட்டுவலிப் பொடியோ, ஸ்டீராய்டு எதாச்சும் எடுத்தியா?


பாஸ்கர், லேப் டெக்னீசியன், விழுப்புரம்

மேடம், ரிப்போர்ட்ல சாம்பிள் எடுத்த நேரம்னு ஒரு வரி சின்ன எழுத்துல இருக்கும். ரிப்போர்ட் வந்த நேரம் வேற, அதைப் பாக்காதீங்க. கார்டிசால் காலை எட்டு மணியை ஒட்டி உச்சத்துல இருக்கும், சாயங்காலத்துக்குள்ள பாதிக்கும் கீழ இறங்கிடும். வீட்டுக்கு வந்து எடுக்கிற பையன் நாலு வீடு முடிச்சுட்டு பதினோரு மணிக்கு வந்திருந்தா, 4.8-ஐ வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரி ஷிப்ட் பாத்துட்டு பகல்ல தூங்குறவங்களுக்கும் இந்தக் காலை அளவு பொருந்தாது.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை எடுக்கிறீங்களா? சில மெஷின்ல அது கார்டிசாலையும் டி4-ஐயும் கூட்டிக் காட்டும், டிஎஸ்எச்சைக் குறைச்சுக் காட்டும். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடணும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் மொத்தக் கார்டிசால் ஏறின மாதிரி தெரியும். ஸ்டீராய்டு விஷயத்துல இன்னொண்ணு. பிரெட்னிசலோன் எடுத்திருந்தா அதையே கார்டிசால்னு நினைச்சு மெஷின் கூட்டிக் காட்டிடும். டெக்சாமெத்தசோன் அப்படித் தெரியாது, ஆனா உடம்போட சொந்தக் கார்டிசாலை அமுக்கிடும்.

வெளிநாட்டு ஆளுங்க சொல்ற எண்ணோட உங்க எண்ணை ஒப்பிடாதீங்க. அவங்க அளக்கிற யூனிட் வேற, உங்க 4.8 அவங்க கணக்குல 132 வரும்.


மூலிகை அன்பன்

இது அட்ரினல் சோர்வு சகோதரி. ஆங்கில மருந்து வேண்டாம். அமுக்கராச் சூரணம் இரவில் பாலில் ஒரு தேக்கரண்டி, இரண்டு மாதத்தில் எழுந்து நடப்பீர்கள்.


வசந்தா, தேனி

ஐயா, அமுக்கரா நல்ல மூலிகைதான், இல்லேங்கல. ஆனா அதை மனுசங்களுக்குக் குடுத்துப் பாத்த ஆய்வுகள்ல கார்டிசால் குறைஞ்சுதான் இருக்கு, தைராய்டு ஹார்மோன் கூடியிருக்கு. இந்தப் பிள்ளைக்கு வேணுங்கிறது அதுக்கு நேர் எதிர். அட்ரினல் சோர்வுங்கிற நோயையும் 2016-ல பிரேசில் டாக்டர்க ரெண்டு பேர் இருக்கிற ஆய்வையெல்லாம் திரட்டிப் பாத்து, அப்படி ஒரு நோய்க்கு ஆதாரமே இல்லேன்னு எழுதிட்டாங்க. சோர்வு நெசம், அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். ஆனா அந்தப் பேர வச்சுட்டா உண்மையான காரணத்தைத் தேடுறது நின்னு போகுது. எனக்கு ரத்தசோகைன்னு பேர் வச்சு வருசக்கணக்காத் தேடாம விட்டது மாதிரி.


மைதிலி, திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. படிச்சுட்டு நேத்து ராத்திரி தூக்கமே வரலீங்க.

சாம்பிள் நேரம் 8.40-ன்னு போட்டிருக்குது. பயோட்டின் எடுக்கறதில்ல. ரெண்டு பிரசவமும் சிசேரியன், ரத்தம் அப்படி எதுவும் போகல. ரெண்டு பேருக்கும் வருசம் தாண்டிப் பால் குடுத்திருக்கேன். மாசாமாசம் சரியா வருது. கை ரேகை கறுப்பாகல.

வசந்தாக்கா, ஸ்டீராய்டெல்லாம் நான் சாப்பிட்டதில்லீங்க. ஒரே ஒரு மாத்திரைதான். எனக்குக் கையெல்லாம் அரிப்பு வரும், சாயத் துணி தொட்டுத் தொட்டு விரலிடுக்குல தோல் வெடிச்சுக்கும். வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கல்ல அலர்ஜி மாத்திரைன்னு காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு குடுப்பாரு. போட்ட அன்னைக்கே நின்னுரும், விட்டா மறுபடியும் வந்துரும். அதனால ரெண்டு வருசத்துக்கு மேல தெனமும் சாப்பிட்டேன். பங்குனியில அந்தக் கடையைக் காலி பண்ணீட்டுப் போய்ட்டாங்க, நானும் விட்டுட்டேன்.

கடையில அட்டையைக் கத்தரிச்சு ரெண்டு ரெண்டா காக்கிக் கவர்ல போட்டுத்தான் குடுப்பாரு, பேரே தெரியாது. உங்க கேள்வியைப் படிச்சதுக்கப்புறம் பீரோவுல தேடுனேன். ஒரு துண்டு கெடைச்சுது. பேருல முன்பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. "மெத்தசோன் 0.5"-ன்னு மட்டும் இருக்குதுங்க. இது என்ன மாத்திரைங்கக்கா?


வசந்தா, தேனி

அதேதான் தாயி. அது டெக்சாமெத்தசோனா இருக்கணும், இல்லாட்டி பீட்டாமெத்தசோனா இருக்கணும். ரெண்டுக்கும் கடைசி எழுத்து ஒண்ணுதான், ரெண்டும் ஸ்டீராய்டுதான். அதுலயும் ரொம்ப நேரம் உடம்புல நிக்கிற வகை. ராத்திரி ஒண்ணு போட்டா, விடியற்காலையில ஏசிடிஎச் சுரக்க வேண்டிய அந்த நேரத்துலதான் அது உக்காந்து அமுக்கும். ரெண்டு வருசம் தெனமும் வெளிய இருந்து வந்துக்கிட்டே இருந்தா மூளை, நமக்கெதுக்கு வேலைன்னு ஏசிடிஎச்சை விடுறதை நிறுத்திரும். அட்ரினல் சுருங்கிப் போகும். பங்குனியில நீ நிறுத்தின, சித்திரையில சோர்வு வந்துச்சு. குமட்டல், மூட்டு வலி, கண் இருட்டுறது எல்லாம் இதுல வர்றதுதான்.

உன்மேல ஒரு குத்தமும் இல்ல. பேர் இல்லாத மாத்திரையக் குடுத்தா யாருக்குத் தெரியும்? அரிப்பு நிக்குது, முகம் பூரிச்சு நல்லா இருக்கியேன்னு நாலு பேர் சொல்லுவாங்க. இழுப்புக்காரங்க, மூட்டுவலிக்காரங்கன்னு எங்க ஊர்லயும் எத்தனையோ பேர் இப்படிக் காக்கிக் கவர்ல வாங்கித் தின்னுக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு அதை நெனச்சாத் தாங்கல.

நாளைக்கே கோயம்புத்தூருக்குப் போய் ஒரு எண்டோகிரைன் டாக்டரைப் பாரு. அந்தத் துண்டு அட்டையை பர்ஸுல வச்சுக்க. உள்ள போனதும் தைராய்டுன்னு ஆரம்பிக்காத. "ரெண்டு வருசம் ஸ்டீராய்டு சாப்பிட்டு நிறுத்திட்டேன், காலைக் கார்டிசால் 4.8"-ன்னு ஆரம்பி. நீயா அந்த மாத்திரையத் திரும்ப வாங்கிப் போடாத. அதுக்கு முன்னாடியே காய்ச்சலோ வாந்தியோ, மயக்கமோ கடுமையான வயித்துவலியோ வந்துச்சுன்னா விடியட்டும்னு பாக்காம அவசர சிகிச்சைக்குப் போயிடணும், இதே வாக்கியத்தைத்தான் அங்கயும் சொல்லணும்.

நீ கேட்ட நேர விஷயத்துக்கும் வர்றேன். தைராக்சினுக்கு நேரம் பாக்குறது அது வயித்துல நல்லா உறிஞ்சணும்னுதான். வெறும் வயித்துல போட்டு அரை மணி, ஒரு மணி கழிச்சுக் காப்பி. இரும்பு, கால்சியம் மாத்திரைன்னா நாலு மணி நேரம் தள்ளி. காலையில முடியலேன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுக்கப் போறப்பவும் போடலாம். நெதர்லாந்துல இதை வச்சு ஆய்வு செஞ்சு 2010-ல வெளியிட்டாங்க. ராத்திரி போட்டவங்களுக்கு டிஎஸ்எச் இன்னும் நல்லா இறங்குச்சு. ஆனா உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, ரெண்டு நேரத்துக்கும் வித்தியாசம் இல்ல.

விடியற்காலைக்குத் தக்கன மருந்தைப் பொருத்தணும்ங்கிற யோசனையே தப்புன்னு நான் சொல்லல. பொருத்த வேண்டிய மருந்து தைராய்டு இல்ல, கார்டிசால். நான் ராத்திரி படுக்கையிலயே தலைமாட்டுல சொம்புல தண்ணியும் சின்ன டப்பாவுல ஒரு ஹைட்ரோகார்டிசோன் 10-உம் வச்சிருவேன். கண்ணு முழிச்சதும் படுத்தவாக்குலயே முழுங்கிட்டு, கொஞ்ச நேரம் கெடந்துட்டுத்தான் எந்திரிப்பேன். அதில்லாம எந்திரிச்சா கால் தரையில பாவாது. ராத்திரி முழுங்கினா விடியறதுக்கு முன்னாடி தானாக் கரையிற மாதிரி ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைய வெளிநாட்டுல செஞ்சுட்டாங்க. பொறவியிலயே அட்ரினல் கோளாறு உள்ளவங்களுக்காக 2021-ல ஐரோப்பாவுல அனுமதி குடுத்திருக்காங்க. ஆராய்ச்சியும் கார்டிசால் பக்கம்தான் போகுது, பாத்துக்க.


சுகந்தி, லண்டன்

தங்கச்சி, வசந்தாக்கா சொன்னபடி கெதியாப் போங்கோ. உங்கட சித்தி மகளிட்டயும் இதைக் காட்டுங்கோ. நல்ல மனசோடதான் சொல்லியிருப்பா. இங்க ஸ்டீராய்ட் எடுக்கிறவைக்கு அவசரத்துக்குக் காட்டவெண்டே ஒரு அட்டை குடுக்கிறவை, அங்க குடுக்காட்டி நீங்களே எழுதி வைச்சிருங்கோ.


மைதிலி, திருப்பூர்

எல்லாரும் கேட்டுட்டே இருந்தீங்க, வேலையும் பசங்களுமா எழுதறதுக்கு நேரமாயிருச்சு, மன்னிச்சுக்குங்க.

கோயமுத்தூர்ல எண்டோகிரைன் டாக்டரைப் பாத்தேனுங்க. நான் பேசறதுக்கு முன்னாடியே அந்தத் துண்டு அட்டையை மேசை மேல வெச்சேன். அந்தம்மா கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதைப் பத்திரமா வெச்சிருந்தீங்களே, நல்லது"ன்னாங்க. முழங்கையில தானா வந்த கன்னிப்போன தழும்பு, வயித்துல கோடு எல்லாம் பாத்தாங்க. சினக்தென் ஊசி இங்க கெடைக்கறது கஷ்டம்னுட்டு, ஆக்டான் புரோலாங்கேட்டம்னு ஒரு ஊசி, 25 யூனிட்டு சதையில போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. 9.6 வந்துச்சு. 18-ஐ ஒட்டிப் போயிருக்கோணுமாமா.

ஹைட்ரோகார்டிசோன் காலையில 10, மத்தியானம் 5. தைராய்டு 75 அப்படியே இருக்கட்டும், இப்போதைக்குக் கூட்டவே வேண்டாம்னுட்டாங்க. டி3-ன்னு சொன்னதும் தலையை ஆட்டீட்டு, இந்தக் கார்டிசாலோட அதைப் போட்டிருந்தா நிலைமை மோசமாயிருக்கும்னாங்க. அட்ரினல் தானா எழும்பறதுக்கு மாசக்கணக்காகுமாமா, சில பேருக்கு வருசம் தாண்டுமாமா. கைக்குத் தோல் டாக்டர் களிம்பும் பருத்திக் கையுறையும் குடுத்திருக்காரு, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெள்ளைத் துணி டேபிளுக்கு மாத்திக்கிட்டேன்.

மாத்திரை போட்ட ரெண்டு மூணு நாள்லயே குமட்டல் போயிருச்சுங்கக்கா. டிபன் கட்டி முடிக்கற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன். முழுசாச் சரியாயிட்டேன்னு சொல்லமாட்டேன், ஆனா காலைங்கறது ஒரு பயமா இல்ல இப்ப.

ஒரு சந்தேகமுங்க. ஸ்டீராய்டாலதான் இத்தனையும் வந்துச்சு, மறுபடியும் அதையேவா சாப்பிடறேன்னு மாமியார் கேக்கறாங்க. எலும்பு கரைஞ்சிரும், பாதியாக் குறைச்சுக்கோங்கறாங்க. குறைச்சுக்கலாமா?


வசந்தா, தேனி

தாயி, மனசு குளுந்துச்சு. இப்பத்தான் என் மகன்கிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

நீயாக் குறைக்காத. மாமியாகிட்ட இப்படிச் சொல்லு. நல்லா இருக்கிற உடம்பு ஒரு நாளைக்குத் தானாவே சுரக்குற கார்டிசால், மாத்திரைக் கணக்குல கிட்டத்தட்ட 15, 20 மில்லிகிராம். உனக்குக் குடுத்திருக்கிறது அந்த 15 தான். உடம்புக்கு வேண்டியதுக்கு மேல போனாத்தான் எலும்பு, சர்க்கரைன்னு தொந்தரவு. இது இல்லாததை நிரப்புறது, அவ்வளவுதான். இறக்குறது டாக்டர் வேலை, டெஸ்ட் பாத்துப் பாத்து மெதுவா இறக்குவாங்க.

காய்ச்சல் வந்தா அந்த நாட்களுக்கு மட்டும் ரெண்டு மடங்கு எடுக்கச் சொல்லியிருப்பாங்க. சொல்லலேன்னா போன் போட்டுக் கேட்டு எழுதி வாங்கு. வாந்தியில மாத்திரை நிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிதான். பல் பிடுங்கினாலும், ஆபரேஷன்னாலும் முன்கூட்டியே சொல்லிரணும். உன் கம்பெனி ஐடி கார்டு கவர்ல பின்பக்கம் ஒரு சீட்டு வையி: "ஹைட்ரோகார்டிசோன் எடுப்பவர், மயங்கினால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போடவும்." கூட வேலை பாக்குற ரெண்டு பிள்ளைககிட்டயும் சீட்டு எங்க இருக்குன்னு காட்டி வையி.


பாஸ்கர், லேப் டெக்னீசியன், விழுப்புரம்

மேடம், அடுத்த கார்டிசால் டெஸ்ட்டுக்கு ஒரு விஷயம். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைங்கிறதே கார்டிசால்தான். அதைப் போட்டுட்டு வந்தா மெஷின் அதைத்தான் அளக்கும், உங்க அட்ரினல் எழும்பிடுச்சுன்னு தப்பா நினைச்சுடுவாங்க. கடைசி டோஸ் எப்பப் போடணும், டெஸ்ட் அன்னைக்குக் காலை மாத்திரையை ரத்தம் குடுத்த பிறகு போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, மாத்திரையைக் கையோட கொண்டு போங்க. எட்டு மணிக்கே லேபுக்கு நேர்ல போங்க, வீட்டுக்கு வரச் சொல்லாதீங்க. ரத்தம் எடுத்ததும் அங்கேயே மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்புங்க.